மழை நாளில் பிஸ்லி ஸ்டிக்கிள்டவுன்: 1000 கெஜத்தில் எது கெடும், எது தாங்கும்

இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், புரூக்வுட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பிஸ்லி முகாம். அங்கே தொலைதூரச் சுடுதலுக்கென்றே உள்ள ரேஞ்சின் பெயர் ஸ்டிக்கிள்டவுன். 1859இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் விம்பிள்டனை விட்டு 1890இல் இங்கே வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் இம்பீரியல் மீட்டிங் என்ற போட்டித் தொடரில் மன்னர் பரிசின் இறுதிச் சுற்று 900, 1000 கெஜங்களில் இந்த மைதானத்தில்தான். இன்னும் நீண்ட தூரத்துக்கான மேட்ச் ரைபிள் பிரிவினர் 1200 கெஜம் வரை போவார்கள். வெயில் அடிக்கும்போது இதைப் புகழ்ந்து எழுத ஆள் நிறைய உண்டு. ஜூலை மாதமே ஆனாலும் அங்கே மழைக்கு நேரம் காலம் கிடையாது. அதனால் இந்த மதிப்பீடு மழை நாளுக்கு மட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மழை நாளில் ஸ்டிக்கிள்டவுனுக்கு ஐந்துக்கு மூன்றரை. மைதானமும் பட்ஸும் (இலக்குகள் நிற்கும் மண்மேடும் அங்கே வேலை செய்கிறவர்களும்) மழையை நன்றாகவே தாங்குகின்றன. சுடும் மேட்டில் கூரை கிடையாது, அரை மதிப்பெண் அதற்குக் கழிந்தது. மீதி ஒன்றைக் காற்றைக் காட்டும் கொடிகள் எடுத்துக்கொண்டன.

முதலில் தரை. பிஸ்லி மண் மணல் கலந்த ஹீத்துநில மண். தண்ணீர் நிற்காமல் உள்ளே போய்விடும். சுடும் மேட்டில் புல் ஈரமாக இருக்குமே தவிர, முழங்கை புதையும் சேறாவது குறைவு. இருந்தாலும் படுத்துச் சுடும்போது ஈரம் கீழிருந்துதான் ஏறும். அடிப்பக்கம் ரப்பர் போட்ட பாய் அவசியம். கேன்வாஸ் பாய் மட்டும் இருந்தால் பத்தாவது தோட்டாவுக்குள் முழங்கைத் திண்டு நனைந்து வழுக்க ஆரம்பித்துவிடும். திண்டு வழுக்கினால் தோள் நிலை மாறும், குண்டுகள் பக்கவாட்டில் சிதறும். இதைக் காற்று என்று நினைத்து, குறிபார்க்கும் சைட்டைத் திருப்புகிறவர்கள் ஏராளம்.

மழை குண்டை என்ன செய்யும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கணக்கிலேயே பதில் இருக்கிறது. 7.62 மி.மீ. என்று பெயர் கொண்ட குண்டின் உண்மையான குறுக்களவு 7.8 மி.மீ. அது 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் பறக்கையில் துளைத்துப் போகும் காற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 44 லிட்டர். கொட்டும் மழையில் ஒரு கன மீட்டருக்குள் 1 மி.மீ.க்கு மேற்பட்ட துளிகள் சில நூறு இருக்கலாம். ஆக, ஒரு குண்டு வழியில் பத்திருபது துளிகளைத் தொட வாய்ப்புண்டு. தூறலில் இரண்டோ மூன்றோதான். 2 மி.மீ. துளியின் எடை 4 மில்லிகிராம் சொச்சம். 155 கிரெய்ன் குண்டின் எடை 10 கிராம், துளியைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். தூறலில் இதை மறந்துவிடலாம். கொட்டும் மழையில் இலக்கில் விழும் குண்டுக் குழுவின் உயரம் கொஞ்சம் விரியலாம். ஆனால் அந்த மாதிரி மழையில் இலக்கே கண்ணுக்குத் தெரியாது.

ஈரப்பதத்தைப் பற்றிய பயமும் பெரும்பாலும் வீண். ஈரக் காற்று கனமானது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது லேசானது, ஏனென்றால் நீராவியின் மூலக்கூறு எடை 18, காற்றின் சராசரி 29. 15 டிகிரி செல்சியஸில் முற்றிலும் வறண்ட காற்றுக்கும் முழுக்க நிறைந்த ஈரக் காற்றுக்கும் அடர்த்தி வித்தியாசம் 0.6 சதவீதம்தான். 1000 கெஜத்தில் அது ஓரிரு அங்குலம், சைட்டின் ஒரு கிளிக்குக்கே, அதாவது கால் மினிட்டுக்கே, எட்டாது (மினிட் என்பது கோண அளவு, 1000 கெஜத்தில் பத்து அங்குலம் சொச்சம்). மழையோடு சேர்ந்து வருகிற மற்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் காற்றின் அடர்த்தி மூன்றரை சதவீதம் ஏறும், மருந்தும் குளிர்ந்து தொடக்க வேகம் குறையும், குண்டு கீழே போகும். காற்றழுத்தம் 20 மில்லிபார் இறங்கினால் அடர்த்தி 2 சதவீதம் குறையும், குண்டு கொஞ்சம் மேலே போகும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டுவதால், முந்தின நாள் வெயிலில் எடுத்த உயர எண்ணோடு மழை நாளில் தொடங்கினாலும் சைட்டர் (மதிப்பெண்ணில் சேராத சோதனைக் குண்டு) இலக்குக்குள் விழுந்துவிடும். அதற்கு மேல் இரண்டு சைட்டர்களும் சொல்லிவிடும்.

மழையில் மதிப்பெண்ணைத் தின்பது தண்ணீர் துப்பாக்கிக்குள் போவது. அதுவும் தோட்டா உட்காரும் சேம்பருக்குள்.

தோட்டா வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னோக்கிய உந்தலில் ஒரு பங்கை அந்தப் பிடிதான் தாங்குகிறது. கூட்டின் மேலோ சேம்பரிலோ தண்ணீர்ப் படலம் இருந்தால் பிடி கிடைக்காது, முழு உந்தலும் போல்ட்டின் (குழலின் பின்வாயை மூடும் தண்டின்) மேல் விழும். போல்ட்டும் அதன் உறையும் சேர்ந்த ஆக்‌ஷன் வேறு மாதிரி அதிரும். தண்ணீர் சுருங்காத பொருள் என்பதால் சேம்பருக்குள் இருக்கும் இடமும் குறையும், அழுத்தம் ஏறும். இலக்கில் இது காரணமே தெரியாத ஓர் உயரக் குண்டாகத் தெரியும்: எட்டு தோட்டா நடுக்கோட்டில், ஒன்பதாவது ஒரு மினிட் மேலே. போல்ட் கைப்பிடி தூக்கக் கடினமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். போல்ட்டைப் பின்பக்கம் பூட்டும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பழைய துப்பாக்கிப் போட்டிக்கு லீ-என்ஃபீல்டு நம்பர் 4 எடுத்துப் போகிறவர்கள் இதை இரட்டைக் கவனத்தோடு பார்க்க வேண்டும், மரக் கட்டை ஈரத்தில் ஊதிக் குழலை ஒரு பக்கம் தள்ளுவது வேறு இருக்கிறது. எண்ணெயும் தண்ணீர் செய்யும் அதே வேலையைத்தான் செய்யும் என்பதால், துரு பயத்தில் சேம்பரில் எண்ணெய் தடவிக்கொண்டு போகக் கூடாது.

பிஸ்லியின் சுடும் முறை இந்த இடத்தில் சற்று எதிராக வேலை செய்கிறது. ஓர் இலக்குக்கு இரண்டு அல்லது மூன்று பேர் படுத்து, முறை மாற்றி ஒவ்வொரு தோட்டாவாகச் சுடுவது இங்கே வழக்கம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் 45 நொடி அவகாசம். இலக்கை இறக்கி, குண்டு விழுந்த இடத்தைக் காட்டத் துளையில் வட்டு வைத்து, மறுபடி ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்தால், மூன்று பேர் இருக்கையில் உங்கள் முறை திரும்பி வர இரண்டு நிமிடம் வரை ஆகும். அந்த நேரம் முழுக்க போல்ட் திறந்திருக்க, வாயைத் திறந்துகொண்டு மழையைக் குடிக்கிறது துப்பாக்கி.

இதற்கு அங்கே பழகியவர்கள் செய்யும் ஏற்பாடு எளிமையானது. ஸ்கோப்பாக இருந்தாலும் துவாரம் வழியே பார்க்கும் அபெர்ச்சர் சைட்டாக இருந்தாலும், தண்ணீர் ஒட்டாத ஒரு துணித் துண்டு, ஓர் அடிக்கு ஓர் அடி, ஆக்‌ஷன் மேல் எப்போதும் கிடக்கும். ஒரு ஓரத்தைப் பின் சைட் அடித்தளத்தில் ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் காற்றில் பறக்காது. தோட்டாக்கள் மூடியுள்ள பெட்டியில், பெட்டி வலது முழங்கைக்கு முன்னால், மூடி தன் பக்கம் திறக்கும்படி. முறை வந்ததும் ஒரு தோட்டா மட்டும் வெளியே வரும். இடது உள்ளங்கையின் கையுறை ஈரம், அதில் தோட்டாவை வைக்கக் கூடாது. ஜாக்கெட்டுக்குள் கழுத்தருகே செருகிய உலர்ந்த பருத்தித் துணியில் கூட்டை ஒருமுறை உருட்டித் துடைத்து, நேராகச் சேம்பருக்குள். மேலே கிடக்கும் மூடு துணியை அதன் பிறகுதான் விலக்க வேண்டும். ஐந்து தோட்டாவுக்கு ஒருமுறை, குச்சியில் சுற்றிய உலர்ந்த துணியைச் சேம்பருக்குள் விட்டு ஒரு சுழற்று. மொத்தம் 15 தோட்டாவுக்கு இது மூன்று தடவை. இதற்குச் சோம்பல் பட்டால் பலனைக் கார்டில் பார்க்கலாம்.

குழல் முனையைச் சற்றுத் தாழ்த்தியே வைத்திருக்க வேண்டும். முனைவழியே தண்ணீர் இறங்கித் தேங்கினால் அது குண்டுக்குத் தடை. வரிசைக்குப் போகும் வழியில் முனைக்கு மூடி போட்டிருந்தால், சுடுவதற்கு முன் எடுத்ததை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சைட். ஸ்கோப் இல்லாமல் சுடும் டார்கெட் ரைபிளில் பின் சைட்டின் துவாரம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதில் ஒரு துளி விழுந்தால் பரப்பு இழுவிசையால் சவ்வு மாதிரி முழுத் துவாரத்தையும் மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிவது இருட்டு இல்லை, மங்கலான ஒரு வெளிச்சம். கண்தான் களைத்துவிட்டது என்று நினைத்து அப்படியே சுடத் தோன்றும். பலமாக ஊதினால் போய்விடும், ஆனால் வாய் ஆவி கண்ணாடி மேல் படியும். ஆகவே பின் சைட்டுக்கு ரப்பர் கண்மூடி போட்டுக்கொள்வது மேல். முன் சைட் குழாய்க்குள்ளே இருக்கும் வளையத்தில் துளி தங்கினால் பஞ்சு நுனியால் எடுக்கலாம், வெளியே இழுத்துத் துடைக்க 45 நொடி போதாது. முன் சைட்டில் லென்ஸ் போட்டிருப்பவர்கள் மழை நாளில் அதைக் கழற்றி வைப்பது நல்லது.

வானம் இருண்டால் துவாரத்தை விரிக்க வேண்டும். ஐரிஸ் (விரித்துச் சுருக்கும் பின் துவாரம்) 1.1 மி.மீ.இல் இருந்தால் 1.3 வரை, முன் வளையம் ஓர் அளவு பெரிதாக. நிற ஃபில்டர் இருந்தால் வெளியே. இவற்றைச் சைட்டர்களுக்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் எடுத்த உயரம் நம்பத்தக்கதாக இருக்காது.

ஏழெட்டு தோட்டாவுக்குப் பிறகு இன்னொன்று தொடங்கும். சூடான குழலில் விழும் துளிகள் ஆவியாகிச் சைட்டுக்கு நேரே எழும். கானல் போலவே இலக்கு நெளியும், எவ்வளவு நெளிகிறது என்பது காற்றைப் பொறுத்தது. குழலின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் கானல் பட்டையைப் பலர் வெயிலுக்கு மட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். மழைக்கும் அது தேவை.

ஸ்கோப் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ்காரர்களுக்குப் பாடு வேறு. நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப்பின் உள்ளே பனிக்காது, வெளிக்கண்ணாடியில் பனிக்கும். முன் லென்ஸுக்கு நீண்ட வெயில் மறைப்புக் குழாய் போட்டால் நேராக எதிரே வரும் மழையைத் தவிர மற்றதைத் தடுக்கும். 40 மடங்குப் பெருக்கத்தில் மழை ஒரு சாம்பல் திரை. 20க்கு இறக்கினால் இலக்கின் ஓரம் திரும்பக் கிடைக்கும்.

இனி கொடிகள். ஸ்டிக்கிள்டவுனின் பெருமையே இவைதான். சுடும் மேட்டுக்கும் பட்ஸுக்கும் நடுவே தரை பள்ளமாக இறங்கி ஏறுகிறது, அந்தப் பள்ளத்தில் காற்றுக்கு வேறு போக்கு. அதைப் படிக்க வரிசையாகக் கொடிகள் நிற்கின்றன. உலர்ந்த கொடி கம்பத்தோடு எத்தனை டிகிரி கோணத்தில் நிற்கிறதோ அதை நான்கால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் காற்று என்று தோராயமாகத் தெரியும். 40 டிகிரி என்றால் 10 மைல். நனைந்த கொடி கனத்துத் தொங்கும். அதே 10 மைல் காற்றுக்கு 28 டிகிரியில் நின்றால் நீங்கள் 7 என்று படிப்பீர்கள். 155 கிரெய்ன் குண்டுக்கு 1000 கெஜத்தில் குறுக்குக் காற்று ஒரு மைலுக்கு ஒன்பது அங்குலம் வரை தள்ளும். மூன்று மைல் பிசகினால் இருபத்தேழு அங்குலம். இலக்கின் நடுவே உள்ள ‘புல்’ (bull) வட்டத்தின் குறுக்களவே சுமார் 2 அடி. அதைச் சுற்றியுள்ள இன்னர் வளையத்துக்கும் வெளியே விழுகிற குண்டுதான் அது.

இதைவிட மோசமான நேரம் மழை விட்ட பிறகு வரும் அரைமணி. காற்று மாறியிருக்காது. கொடிகள் மட்டும் காயக் காய மேலே எழும்பும். காற்று ஏறுகிறது என்று நினைத்து ஒவ்வொரு கிளிக்காகச் சேர்த்துக்கொண்டே போனால், குண்டுகள் காற்று வரும் பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். கொடி ஏறியும் முந்தின குண்டு இருந்த இடத்திலேயே விழுந்தால், கொடியை விட்டுவிட்டு வட்டை நம்புங்கள்.

கொடிக்கு மாற்று மழையே. 2 மி.மீ. துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று என்றால் நொடிக்கு நாலரை மீட்டர். அப்படியானால் மழைக்கோடு செங்குத்திலிருந்து 35 டிகிரி சாயும். தொலைநோக்கியை இலக்கிலிருந்து பின்னிழுத்து நடுத்தூரத்தில் ஃபோகஸ் செய்தால் இந்தச் சாய்வு பட்ஸின் இருண்ட மண்மேட்டுக்கு எதிரே பளிச்சென்று தெரியும். குறுக்கே அடிக்கும் பங்கை மட்டும் அது காட்டுகிறது, நமக்கு வேண்டியதும் அதுதான். துளி சிறிதானால் அதே காற்றில் இன்னும் சாயும் என்பதால் தூறலில் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னதைவிடச் சாய்வு கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்த வேண்டும். மழை நாளில் கானல் கிடையாது என்பதால் கையில் இருக்கும் மிச்ச சாட்சி இது ஒன்றுதான்.

பட்ஸ் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சட்டத்தில் ஒட்டிய காகிதம் நனைந்தால் துளை கிழிந்து பெரிதாகும், ஒட்டுத் தாள் பிடிக்காது, பழைய துளைகள் மீண்டும் திறந்துகொள்ளும். பட்ஸ் ஆட்கள் அந்த நிலையிலும் வட்டைச் சரியான துளையில் வைப்பது சின்ன வேலை இல்லை. வேகம் குறையும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது: உங்கள் கூட்டாளிக்கு மதிப்பெண் எழுதும்போது பென்சில்தான், பேனா வேண்டாம். கார்டைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கையை உள்ளே விட்டு எழுதும்படி ஒரு பலகை. நனைந்த கார்டில் அழிந்த எண்ணுக்காக வாக்குவாதம் செய்ய யாருக்கும் நேரமில்லை.

1100, 1200 கெஜங்களுக்கு மழையில் போவதைப் பரிந்துரைக்க முடியாது. மேகம் தாழ்ந்தால் முதலில் மறைவது இந்தத் தூரங்கள்தான். இலக்கு மறைந்தாலோ மின்னல் வந்தாலோ சுடுதல் நிறுத்தப்படும், ஈர ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருப்பதில் உடம்பு விறைத்துப் போகும். நாள் முழுக்க மழை என்று முன்னறிவிப்பு இருந்தால், பக்கத்தில் உள்ள செஞ்சுரி ரேஞ்சில் 300, 500, 600 கெஜங்களுக்கு இடம் கேட்கலாம். கோலாப்பூர் சமஸ்தான அரசர் கொடுத்த கோப்பைக்கான அணிப்போட்டி நடப்பது இந்தத் தூரங்களில்தான். 600 கெஜத்தில் அதே மூன்று மைல் காற்றுப் பிசகு ஒன்றரை மினிட்டுக்குள் அடங்கிவிடும், ஆகவே நனைந்த கொடியின் பொய்க்கு அங்கே விலை குறைவு.

துப்பாக்கியைக் கையோடு இறுக்கும் ஸ்லிங்கைப் பற்றி ஒரு வரி: தோல் ஸ்லிங் நனைந்தால் நீளும், இரண்டு துளை இறுக்க வேண்டி வரும். செயற்கை இழை ஸ்லிங் நீளாது.

சுட்டு முடிந்ததும் துப்பாக்கியை ஈரத்தோடு நுரைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் ராத்திரிக்குள் துரு பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் குழலாக இருந்தாலும் போல்ட்டும் திருகுகளும் தப்பாது. முகாமில் தங்குகிறவர்கள் அன்றைக்கே ஆக்‌ஷனைக் கட்டையிலிருந்து கழற்றி, அடிப்பகுதியைத் துடைத்து, டிரிகருக்குள் காற்று அடித்து உலர்த்த வேண்டும். டிரிகரில் எண்ணெய் விடக் கூடாது. குழலுக்குள் உலர்ந்த துணிகள் சுத்தமாக வரும்வரை, அப்புறம் லேசாக எண்ணெய்த் துணி ஒன்று. மறுநாள் காலை முதல் தோட்டாவுக்கு முன் அந்த எண்ணெயை, சேம்பரில் பட்டதையும் சேர்த்து, முழுக்கத் துடைத்து எடுத்துவிட வேண்டும். நுரைப் பெட்டியைத் திறந்தபடியே விட்டுக் காய வையுங்கள்.